பதினேழு மைலுக்கு ஒரே கார்

இந்த நாட்டில் வாக்கு ரகசியம் என்று சொல்வார்கள். நெல்டா புரூவருக்கு மட்டும் அந்த ரகசியம் கிடையாது. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற முதற்கட்டத் தேர்தல் முடிந்ததும் எண்ணிக்கைச் சீட்டை எங்கள் ஊர்க்கூடத்துக் கதவில் ஒட்டுவோம். குடியரசுக் கட்சி எண்பத்தேழு. ஜனநாயகக் கட்சி ஒன்று. அந்த ஒன்று நெல்டா. கவர்னருக்கு யாரைப் போட்டாள், நீதிபதிக்கு யாரைப் போட்டாள் என்பதெல்லாம் பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவ வருகிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

"மறைச்சு வைக்க எனக்கு வயசு ஒண்ணுதான் மிச்சம்" என்பாள். அதுவும் ஊருக்கே தெரியும். எழுபத்தொன்று.

நான் முதன்முதலாக அந்தக் கூடத்தில் தேர்தல் வேலைக்கு உட்கார்ந்த வருடம் அந்த எண் பதினொன்றாக இருந்தது. பிறகு ஏழானது. சிலர் செத்தார்கள், சிலர் பிள்ளைகளோடு சிகாகோ பக்கம் போனார்கள், சிலர் கட்சி மாறினார்கள். கொஞ்ச காலம் இரண்டில் நின்றது: நெல்டாவும் அவள் கணவன் வில்பரும். வில்பர் இறந்ததற்கு அடுத்த மார்ச் முதற்கட்டத் தேர்தலில் ஒன்று. அந்தச் சீட்டைக் கதவில் ஒட்டியவள் நான்தான். ஒட்டி முடித்துத் திரும்பினால் நெல்டா பின்னால் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தாள். "காப்பி ஆறுது, வா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை, அல்லது வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

பொதுத் தேர்தலில் கதை வேறு. அப்போது யாரும் கட்சியை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அதில் அவள் கட்சிக்கு ஒன்பது விழும். மற்ற எட்டுப் பேர் யார் என்று அவளுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னந்தலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். இவனா, அவளா என்று. எட்டுப் பேரில் ஒருத்தர்கூட அவள் அருகில் வந்து "நானும்தான்" என்று சொன்னதில்லை.

முப்பத்தொரு வருடம் அவள் எங்கள் ஊர் அஞ்சலக ஜன்னலில் உட்கார்ந்தவள். எங்களுக்கு அரசாங்கம் என்றால் அந்த ஜன்னல்தான், அதற்குப் பின்னால் இருந்த நெல்டாதான். ஓய்வூதியக் காசோலை, விதைக் கம்பெனிக் கடிதம், படைக்குப் போன பையனின் கடிதம், எல்லாம் அவள் கை வழியாக வந்தவை. ஒருநாளும் ஒன்று தவறியதில்லை. "வாஷிங்டன்காரன் ஒருத்தனையும் நம்பாதே" என்று வரிசையில் நின்று கத்திவிட்டு, அடுத்த நிமிடம் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்து, "சாயங்காலம் என் தம்பி வந்தா குடுத்துடு நெல்டா" என்று போகிற ஊர் இது.

அவளோடு தேர்தல் வேலைக்கு எதிர்க்கட்சி ஆளாக உட்காருகிறவன் டெல்மர் ஹாப்ஸ். சோளமும் சோயாவும் பயிரிடுகிறவன், தொண்டை பெரியது, மனசு மோசமில்லை. மூன்றாவதாக நான். என் கட்சியும் டெல்மரின் கட்சிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்; பிறகு நெல்டா பக்கம் சாய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எங்கள் சட்டப்படி, வாக்குச் சீட்டுப் பையை இரண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கொருவர், ஒரே காரில் உட்கார்ந்து, மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பதினேழு மைல். ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு நம்பிக்கை இருக்காது என்று போட்ட சட்டம். அந்தச் சட்டமே இருபத்தாறு வருடத்தில் அவர்கள் இருவரையும் சிநேகிதர்கள் ஆக்கிவிட்டது. காரில் அவர்களுக்கென்று ஒரு விதி வைத்திருந்தார்கள். வாஷிங்டனில் யாருடைய கட்சி தோற்றுக் கிடக்கிறதோ, அவர் போகிற பதினேழு மைலும் புலம்பலாம். ஜெயித்தவர் 'உம்' கொட்டலாம், வேறு வாய் திறக்கக் கூடாது. திரும்பி வரும்போது அரசியலே கிடையாது. மழை, முழங்கால், பக்கத்து ஊர் உணவகத்தில் ஆளுக்கொரு தட்டு வறுத்த மீன்.

முறை மாறி மாறி வந்தது. டெல்மர் ஆள் வெள்ளை மாளிகையில் இருந்தால் டெல்மருக்கு நாட்டில் எல்லாமே ஒழுங்கு. வரி அலுவலகம் கண்ணியமானது, புள்ளிவிவரமெல்லாம் சுத்தம். நெல்டா ஆள் வந்துவிட்டால் அதே கட்டடம், அதே குமாஸ்தா, அதே மேசை, எல்லாம் திருட்டுக் கும்பல். ஒருமுறை கருத்துக் கணிப்புக்காரர்கள் அவனுக்குத் தொலைபேசி செய்து, வாஷிங்டன் அரசாங்கம் சரியானதைச் செய்யும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். "பெரும்பாலும் நம்பறேன்" என்றான். எட்டு மாதம் கழித்து அதே கேள்வியோடு வேறு யாரோ கூப்பிட்டார்கள். "ஒருநாளும் இல்ல" என்றான். நடுவில் நடந்தது ஒரே ஒரு தேர்தல்.

நெல்டா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "சட்டையாவது மாத்தறதுக்கு முன்னால அழுக்காகணும், டெல்மர்."

"உன்னக் கேட்டிருந்தா?"

"என்னையும் கேட்டாங்க. நீ பெரும்பாலும்னு சொன்ன வருஷம் நான் ஒருநாளும் இல்லன்னு சொன்னேன்" என்பாள். அந்த நேர்மை அவளிடம் உண்டு.

வில்பர் போன பிறகு அந்தக் கார்தான் அவளுக்கு எல்லாம் என்று எனக்குத் தெரிய நாளாயிற்று. பிள்ளை குட்டி இல்லை. அஞ்சலகத்தில் இப்போது காலையில் மட்டும் யாரோ வெளியூர்ப் பெண் வருகிறாள். நெல்டா முழுசாக உட்கார்ந்து ஒருத்தரோடு பேசியது வருடத்துக்கு ஒன்றிரண்டு தேர்தல் நாளில், டெல்மர் காரின் முன் இருக்கையில். அதுவும் போய்விட்டால் அவளுக்கு வேறு இல்லை.

பிறகு அந்த வருடம் வந்தது. டெல்மரின் கட்சி வெள்ளை மாளிகையை இழந்தது. இழந்தது மட்டுமல்ல, எண்ணிக்கையே பொய் என்று பாதி நாடு சொன்னது, என் வீட்டுச் சாப்பாட்டு மேசை உள்பட. எங்கள் கூடத்தில் எங்கள் கட்சிக்கு நூற்று முப்பத்தெட்டு, அவள் கட்சிக்கு அதே ஒன்பது. திருடுவதற்கு இங்கே என்ன இருக்கிறது? ஆனால் ஊர் அவளைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. கோடையில் அவள் வாசலில் வெள்ளரிக்காயும் தக்காளியும் வைத்துவிட்டுப் போகிறவர்கள் வைக்காமல் போனார்கள். தேவாலய விருந்தில் அவள் சுட்டு வந்த வால்நட் கேக்கில் இரண்டு துண்டுதான் குறைந்திருந்தது. ஒன்று நான் எடுத்தது. இன்னொன்று அவள் எடுத்தது.

அடுத்த முதற்கட்டத் தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு வாக்காளர் கட்சியைச் சொல்லித்தான் சீட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டெல்மர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவளை முன்பின் தெரியாதவன் மாதிரி, "எந்தக் கட்சிச் சீட்டும்மா வேணும்?" என்று கேட்பான், கூடமே சிரிக்கும். அன்றைக்கும் கேட்டான். "ஜனநாயகக் கட்சி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் யாரோ, "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கா?" என்றார்கள். டெல்மர் தலையைக் குனிந்து சீட்டைக் கொடுத்தான். நானும் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேனே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சாயங்காலம் பைக்குச் சிவப்பு பிளாஸ்டிக் சீல் போட்டோம். அதில் ஓர் எண் இருக்கும். இருவரும் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக ஒருவர் படிக்க மற்றவர் எழுதிவிடுவார். அன்று நெல்டா படித்ததை டெல்மர் தானும் படித்தான். மறுபடி படித்தான். இன்னும் ஒருமுறை படித்தான். கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். கடைசியில் கார்ச் சாவியை அவளிடம் நீட்டி, "நீ ஓட்டு" என்று சொல்லிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு காரில் நடந்ததை நெல்டா ஒருமுறை சொன்னாள், டெல்மர் தனியாக ஒருமுறை சொன்னான். இரண்டும் ஒன்றாகவே இருந்தது. இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட ஒரே சங்கதி இந்த நாட்டில் இதுவாகத்தான் இருக்கும், ஆகவே நம்பலாம்.

புலம்பும் முறை அவனுடையது. ஆனால் அவன் புலம்பவில்லை. ஐந்து மைல் போனதும் நெல்டாவே கேட்டாள்.

"என்மேல சந்தேகமா, டெல்மர்?"

"உன்மேல இல்ல."

"அப்புறம்?"

"நம்ம கூடம் சரி. மத்த இடந்தான் சரியில்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "ஆனா அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தி கேக் சுட்டு எடுத்துட்டு வந்துதானே உக்காந்திருப்பா."

நெல்டா 'உம்' என்றாள். திரும்பும்போது மீன் சாப்பிட நிறுத்தவில்லை. அவன் வயிறு சரியில்லை என்றான்.

அடுத்து வந்த தேர்தல் நாட்களும் அப்படியே போயின. அவர்கள் பேசாமல் இல்லை. "குளிரு", "ஆமா", "ரயில்வே கேட்டு மூடியிருக்கு". அதற்குப் பேச்சு என்று பெயர் கிடையாது.

பிறகு காற்று திரும்பியது. டெல்மரின் ஆட்கள் வாஷிங்டனுக்கு வந்தார்கள். அந்தத் தேர்தலில் எண்ணிக்கை சுத்தமாக இருந்தது என்று அவனே எல்லோரிடமும் சொன்னான். அதே மெஷின், அதே சீல், அதே நெல்டா. அதற்கடுத்த முதற்கட்டத் தேர்தலில் பழைய டெல்மராக வந்து நின்றான். அவன் மனைவி ஃபெர்ன் கொடுத்தனுப்பிய பன்றிக்கறி பீன்ஸ் சூப்பைத் திறந்து முதல் கிண்ணம் நெல்டாவுக்கு ஊற்றினான். "எந்தக் கட்சிச் சீட்டும்மா வேணும்?" என்று பழைய முகத்தோடு கேட்டான். கூடம் சிரித்தது.

நெல்டா சிரிக்கவில்லை. இந்த முறை அவள் வீட்டில் இரவெல்லாம் தொலைக்காட்சிச் செய்தி ஓடியது. இந்த ஆட்சிக்காரர்கள் எதையும் செய்வார்கள், கேட்பாரில்லை என்று அவள் நம்ப ஆரம்பித்திருந்தாள். வீட்டில் தனியாக இருப்பவளுக்குத் தொலைக்காட்சி சொல்வதை மறுக்க ஆள் ஏது? சாயங்காலம் சீல் போட்டபோது டெல்மர் எண்ணை வாசித்தான். நெல்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் வாசித்தாள். மறுபடி. மறுபடி. இன்னும் ஒருமுறை. டெல்மரின் கை மேசை மேலேயே இருந்தது. பையை அவள் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். போகும்போது டெல்மர் என்னைத் திரும்பிப் பார்த்தான். கன்னத்தில் அறை வாங்கியவன் முகம் அது.

டெல்மர் ஓட்டினான். தானியக் கிடங்கு தாண்டியதும் ஆரம்பித்தானாம்.

"நாலு தடவ படிச்ச" என்றான்.

"உம்."

"நான் அன்னைக்கு மூணு தடவதான் படிச்சேன்."

"போட்டோவ விட்டுட்ட. சேத்தா நாலு."

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. நிலக்கரி வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"வலிச்சுதா, நெல்டா, அன்னைக்கு?"

"வலிச்சுது."

"நாலு வருஷமா ஏன் சொல்லல?"

"அப்ப புலம்பறது உன் முறை. நான் 'உம்'தான் கொட்டணும். விதி நீ போட்டதுதானே?"

ரயில் போனது, கேட்டையும் தூக்கிவிட்டார்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். டெல்மர் வண்டியை எடுக்கவில்லை.

"இப்ப உன் முறை" என்றான். "சொல்லு."

சொன்னாள். வாஷிங்டனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசலில் வெள்ளரிக்காய் நின்றுபோனதைச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் வில்பரின் நாற்காலியில் மடித்த துணியை அடுக்கி வைக்கிறாள், வெறுமையாகத் தெரியக் கூடாதென்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆறு நாள் குரலெடுத்துப் பேசாமல் இருந்து, ஏழாம் நாள் தவறான எண்ணுக்கு வந்த தொலைபேசியில் தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. அந்த எட்டுப் பேர் யார் என்று தெரிந்தால் போதும், பேசக்கூட வேண்டாம் என்று சொன்னாள். அவன்மீது நம்பிக்கை வரவில்லை, வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, வரமாட்டேனென்கிறது என்றும் சொன்னாள். பன்னிரண்டு மைல். டெல்மர் 'உம்' கொட்டிக்கொண்டே ஓட்டினான். கடைசியில் 'உம்' கூட வரவில்லை, மூக்கைத்தான் உறிஞ்சினான் என்றாள் நெல்டா. ஜலதோஷம் என்கிறான் டெல்மர். அந்த இடத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போகவில்லை.

அவள் வீட்டில் இன்னும் அந்த நாற்காலியில் துணிதான் இருக்கிறது. எட்டுப் பேரில் ஒருத்தரும் வரவில்லை. கூடத்துக் கதவுச் சீட்டில் இன்னும் அதே ஒன்றுதான். ஒரு தேர்தல் நாள் சாயங்காலத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது புளுகு.

போன நவம்பரில் கூடத்து விளக்கு ஒன்று எரியவில்லை. பையைக் கட்டிச் சீல் போட்டோம். டெல்மர் எண்ணை வாசித்தான். நெல்டா கண்ணாடியைத் தேடினாள், போட்டுக்கொண்டாள், குனிந்து தானும் வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். டெல்மர் பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்து, அந்த எண்ணின் மேல் பிடித்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை நின்றான்.