தெற்குப் பக்கத்துச் சாக்கு

விமானம் என்று நான் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். மூன்று சக்கர வண்டிக்கு இறக்கை கட்டியது போலத்தான் அது இருக்கும். இரண்டு பேர் உட்காரலாம். எடை குறைவு என்பதால் காற்று வைத்ததுதான் சட்டம். எதிர்க்காற்றில் இறங்கினால் சமர்த்தாக உட்காரும். முதுகில் காற்று அடித்தால் பாதைக்குள் நிற்காது.

நாமக்கல் பக்கம் ஒரு தரிசைக் குத்தகைக்கு எடுத்து, வடக்கு தெற்காக ஓடுபாதை போட்டிருந்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்ட, முனையில் ஒரு கம்பத்தில் துணிப்பை பறக்கும். என் மனைவி தன் பழைய இளம்பிள்ளைச் சேலையில் தைத்துக் கொடுத்தது. அவள் இறந்த வருஷம் ஆடிக் காற்று அதைக் கிழித்துவிட்டது. கழற்றிக் கொண்டுவந்து பீரோவில் மடித்து வைத்தேன். வேறொன்று மாட்ட மனசு வரவில்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். பாதைக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகைகள். காற்று அடிக்கிற பக்கம் சாக்குப் படுதாவை இறக்கிவிடுவார்கள். தெற்கே சாக்கு இறங்கியிருந்தால் தெற்குக் காற்று, நானும் தெற்கு நோக்கி இறங்க வேண்டியது. இரண்டு மாதம் ஒரு தப்பும் நடக்கவில்லை. யாரையும் கேட்காமல் சமாளிக்கிறேன் என்று உள்ளூர ஒரு தலைக்கனம். உண்மையில் கேட்க யாரும் இல்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் ஃபேர்லேண்ட்ஸில் நான் தனியாக இருக்கும் வீட்டில் டிவிதான் பேசும்.

ஐப்பசி மழையால் இரண்டு வாரம் பறக்கவில்லை. வெயில் வந்த ஒரு காலையில் பனமரத்துப்பட்டி ஏரிவரை போய்த் திரும்பினேன். தெற்குப் பக்கம் சாக்கு இறங்கியிருந்தது. தெற்கு நோக்கி இறங்கினேன். தரை என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடியது. அப்போதே மேலே ஏறியிருக்க வேண்டும். நான் சாக்கை நம்பினேன். பிரேக் பிடித்தும் நிற்காமல், பாதை முடிந்து, முன்சக்கரம் வரப்பில் மோதி விமானம் குப்புறக் கவிழ்ந்தது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினேன். கால் முறிந்தது தெரிந்தது. கத்தலாம், ஆனால் யாரைக் கூப்பிட்டுக் கத்துவது என்று தெரியவில்லை. வலியைவிட அதுதான் மோசமாக இருந்தது.

பண்ணையில் முட்டை எடுக்கும் அம்மா ஓடி வந்தார். என் வயசுதான் இருக்கும். ஆட்களைக் கூப்பிட்டு என்னை வெளியே எடுத்தார். ஆம்புலன்ஸிலும் கூடவே ஏறிக்கொண்டார். வழியில் அவரிடம் சாக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"ஐப்பசி பொறந்தா வெயிலு தெக்க சாஞ்சு உள்ள உழுவுமுங்க. கோழி தாங்காது. அதுக்கு எறக்குனதுங்க. காத்து வடக்கயிருந்து அடிக்க ஆரம்பிச்சுப் பத்து நாளாச்சுங்களே," என்றார். பிறகு, "ஏனுங்க சாமி, எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்லீங்க?" என்றார்.



ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். "பக்கத்துப் பண்ணைங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டு, "இனி காத்து எந்தப் பக்கமுன்னு நானே சொல்றனுங்க," என்றார்.

கால் கூடிவிட்டது, ஆனால் பழையபடி மடங்கவில்லை. இனிப் பறக்க முடியாது. விமானத்தைக் கழற்றி, உதிரிபாகமாக விற்றுவிட்டேன். அந்த அம்மா அது ரிப்பேருக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் காலை ஏழு மணிக்கு போன் வரும். "வாடக் காத்துங்க." "இன்னிக்கு எல அசையலீங்க." அவ்வளவுதான் பேச்சு. ஆறரைக்கே காபி குடித்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

நேற்று, "வண்டி இன்னும் ரெடியாகலீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நாளாகுமுங்க," என்றேன். "நாளைக்குக் காத்து எப்படின்னு சொல்லுங்க."