டெல்பர்ட் கேட்ட பங்கு

டெல்பர்ட் இல்லை என்றுதான் பதில் சொன்னான். அது யார் காதிலும் விழவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வடதுருவக் கடற்கரையில் ஆமாம் என்றால் புருவம் உயரும், இல்லை என்றால் மூக்கு சுளியும். வாயைத் திறந்து பதில் சொல்வதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்காக. பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் அவனுடைய மனைவியின் அக்காள் யூனிஸ் எங்கள் ஊரான உட்கியாக்விக்கிலிருந்து அவனை ஃபோனில் கூப்பிட்டாள். அவன் தெற்கே, தன் ஊரான திகிகாக்கில் இருந்தான். மனைவி டோர்கஸ் அதற்கு முந்தைய அக்டோபரில் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தாள். "குழந்தைய நான் வளர்க்கிறேன். வசந்தத்துல கொண்டுவந்து விட்டுடு. சம்மதந்தானே?" என்று கேட்டாள் யூனிஸ். டெல்பர்ட் அடுப்புப் பக்கத்தில் நின்றபடி மூக்கைச் சுளித்தான். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுப்பு எதுவும் வராததால், "நல்லது தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்களில் யாருக்கும் நேரக்கூடிய தவறுதான் இது. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு புருவத்தைத் தூக்கிவிட்டு, "உயிரோட இருக்கியா இல்லியா?" என்று திட்டு வாங்காதவர்கள் இங்கே குறைவு. உடனே திருப்பிக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவார்கள். டெல்பர்ட் கூப்பிடவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டபோது, "ஃபோனை மேசைக்கு அந்தப் பக்கம் வச்சுட்டேன்" என்றான். கேட்பவர்களுக்குச் சாக்காகத் தெரியும். அந்த மாதங்களில் மேசையின் அந்தப் பக்கம் அவனுக்கு உண்மையாகவே வெகு தூரத்தில் இருந்தது என்று நினைக்கிறேன்.

அவனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் கிடையாது. ஊர் மின்நிலையத்தில் டீசல் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திமிங்கல வேட்டைப் படகில் துடுப்புப் போடுவான்; ஈட்டி எறியச் சொல்லி யாரும் அவனைக் கேட்டதில்லை. இளவயதில் ஒருமுறை கூடைப்பந்துப் போட்டிக்காக எங்கள் ஊருக்கு வந்தான். தோற்றுப்போன அணியில் அதிகம் பந்தைத் தவறவிட்டவன் அவன்தான். அதைச் சொல்லிச் சிரித்த பெண்ணைத்தான் கட்டிக்கொண்டு போனான்.

அவர்களுக்கு ஒரே மகள், ஐந்து வயது மேவிஸ். காகிதத்தில்தான் அவள் மேவிஸ். பிறந்தவுடன் டோர்கஸ் அவளுக்கு இறந்துபோன தன் தகப்பனாரின் பெயரை வைத்தாள்: துலுகாக். பெயர் வந்தால் ஆளும் திரும்பி வந்ததாகவே இங்கே கணக்கு. ஆகவே டோர்கஸுக்கும் யூனிஸுக்கும் அந்தக் குழந்தை அப்பாதான். யூனிஸ் மூன்று பையன்களை வளர்த்து ஆளாக்கியவள், வீட்டில் ஆள் குறைவென்று குழந்தையைக் கேட்கவில்லை. தங்கை போய்விட்டாள், அப்பாவாவது தன் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாள். உறவில் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் எங்களிடம் வெட்கப்படும் காரியம் அல்ல. நானே அத்தை வீட்டில் வளர்ந்தவன். அவள் கேட்டதில் தவறு இருந்ததாக எனக்கு அன்றும் தோன்றவில்லை.

விமானத்தில் வந்தால் ஒரு பகல்கூட ஆகாது. டெல்பர்ட் யூனிஸுக்குச் செய்தி அனுப்பினான்: திமிங்கலங்களோடு வருகிறேன்.

யூனிஸ் அதை எங்களுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாள். "பாத்தீங்களா, இவன் மட்டும் நீந்தி வர்றான்."

ஏப்ரலில் உறைந்த கடல் பிளந்து நீர்வழி திறந்ததும் திமிங்கலங்கள் திகிகாக்கைத் தாண்டத் தொடங்கின. தன் ஊர்ப் படகோடு அவன் பனிவிளிம்பில் இருந்தான். அவர்களுக்கு ஒரு திமிங்கலம் கிடைத்து, பங்கு பிரித்து வேலை முடிந்ததும் பனிவண்டியின் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டினான். அதில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் மான்தோல், தோலுக்குள் மேவிஸ். கரையோரமாக வடக்கே கிளம்பினார்கள். திமிங்கலங்கள் எங்கே போகின்றன என்பதை ஊருக்கு ஊர் ரேடியோவில் பேசிக்கொள்வதை வைத்துத் தெரிந்துகொண்டான். அவை நின்றால் இவர்களும் நின்றார்கள். நீர்வழி மூடிக்கொண்டபோது யாருடைய கூடாரத்திலாவது தங்கினார்கள். அவசரப்படவில்லை.

இடையிடையே வண்டியை நிறுத்திக் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். குளிரில் தோல் உறைந்து வெள்ளைப் புள்ளி எழுந்திருந்தால் அது மறையும்வரை கையை எடுக்கமாட்டான். பிறகு தேநீர், வெண்ணெய் தடவிய கெட்டி பிஸ்கட், உலர்ந்த மான்கறி.

"டாடி, திமிங்கலம் தூங்குமா?"

"தூங்கும்."

"தூங்கினா எப்படி இவ்ளோ தூரம் போகும்?"

"பாதி தூங்கும், பாதி போகும்."

"உன்ன மாதிரியா?"

டெல்பர்ட் யோசித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினானாம். இதை அவனே என்னிடம் சொன்னான். சிரிக்காமல் சொன்னான்.

வழியில் இருந்த உல்குனிக்கில் அவனுடைய சித்தப்பா மகன் வென்டலின் படகு பனியில் காத்திருந்தது. இவர்களைப் பார்த்ததுமே வென்டல் கத்தினான். "வாடா, வா! அங்க ஒரு திமிங்கலம் தின்னாச்சு, இங்க ஒண்ணு, மேல ஒண்ணு. ஊர் ஊரா விருந்துக்கு வழி போட்டுக்கிட்டு வந்திருக்கியா?"

"சமையலுக்கு ஆள் இல்லேன்னு ரேடியோல அழுதியே."

"அழுதேன். உன் சமையலுக்கா அழுதேன்?"

டெல்பர்ட் கூடாரத்தில் அடுப்பை ஏற்றினான். அடுத்த பல நாட்கள் காப்பி போட்டான், வடிகட்டினான், மாவைப் பிசைந்து எண்ணெயில் பொரித்தெடுத்தான். ஒருநாள் வென்டலின் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "இங்கேர்ந்து எங்கடி போறீங்க?" என்று கேட்டாள்.

"பெரியம்மா வீட்டுக்கு. என்னை அங்க விட்டுட்டு டாடி திரும்பிப் போயிடுவாரு" என்றாள் மேவிஸ். யூனிஸ் ஃபோனில் அவளிடமே ஆசையாக எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

டெல்பர்ட் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் குனிந்திருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். பொரிந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தான்.

உல்குனிக்காரர்களுக்குத் திமிங்கலம் கிடைத்த பிறகு, பாதை இளகத் தொடங்கிய மே மாதத்தில் எங்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். இதற்கு மேல் கரையோரமாகப் போக முடியாது. திமிங்கலங்கள் எங்கள் முனையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே பனிக்கடலுக்குள் போய்விடும்.

யூனிஸின் கணவர் ஹோமர்தான் எங்கள் படகுத் தலைவர். நாங்கள் அவரோடு பனிவிளிம்பில் காத்திருந்தோம். படகு வெளியே இருக்கும்போது தலைவர் வீட்டில் குரல் உயரக்கூடாது. திமிங்கலம் தேடி வருவது தலைவரை அல்ல, அவர் மனைவியை. சச்சரவு இருக்கும் வீட்டுக்கு அது தன்னைக் கொடுக்காது. அந்த நாட்களில் யூனிஸ் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவாள், யாரைப் பற்றியும் குறை சொல்லமாட்டாள். மற்ற நாட்களில் அவள் எப்படி என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் டெல்பர்ட், சொல்லவேண்டிய மறுப்போடு நுழைந்தான்.

"வாங்கப்பா, வாங்க" என்று குழந்தையை அணைத்துக்கொண்டாள் யூனிஸ். "இளைச்சுப் போயிட்டீங்களே. மூக்கை உறிஞ்சாதீங்க, அசிங்கம். அதோ, உங்க கட்டில்."

ஜன்னலோரம் புதுக் கட்டில், அதன் மேல் பூப்போட்ட துணியில் புதிதாகத் தைத்த மேலங்கி. மேவிஸ் கட்டிலைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள். டெல்பர்ட் வாசலிலேயே நின்றான்.

"மதினி, ஒரு விஷயம்..."

யூனிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். எதையோ மோப்பம் பிடித்திருக்கவேண்டும். "எதுவா இருந்தாலும் படகு வரட்டும் தம்பி" என்று தணிந்த குரலில் சொன்னாள். "இப்ப சாப்பிடு."

சாப்பிட்டான். மறுநாள் பனிக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். நான் அவனை நெருங்கிப் பார்த்தது அப்போதுதான். சொன்ன வேலையைச் செய்தான். பனிக்கட்டியை வெட்டித் தேநீருக்கு உருக்கினான், துடுப்புகளில் படிந்த பனியைத் தட்டினான். மற்ற நேரமெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழந்தைய விட்டுட்டு எப்ப ஊருக்குப் போறே?" என்று கேட்டேன்.

"விடல."

"யூனிஸுக்குத் தெரியுமா?"

மூக்கைச் சுளித்தான்.

"போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?"

"படகு வெளிய இருக்கே."

நான் கூடாரத்துக்குப் போனேன். விஷயம் கூடாரம் முழுக்கப் பரவிவிட்டது. அதன்பிறகு எங்களில் யாரும் ரேடியோவில் வீட்டோடு தேவைக்கு மேல் பேசவில்லை. "என்ன, எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று யூனிஸ் ஒருநாள் கேட்டாள். "காத்து ஜாஸ்தி" என்று சொல்லிச் சமாளித்தார் ஹோமர்.

திமிங்கலம் வந்தது. ஹோமரின் மூத்த மகன் ஈட்டியை எறிந்தான். ரேடியோவில் பிரார்த்தனை கேட்டது, ஊர் முழுக்கப் பனிக்கு வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தது. தலைவர் வீட்டுக் கூரையில் கொடி ஏறியது. வெட்டிப் பங்கு பிரித்து முடித்த மறுநாள் அந்த வீட்டில் ஊருக்கே சாப்பாடு. வேகவைத்த கொழுப்புத்தோல், நாக்கு, குடல், இறைச்சி, தேநீர், பொரித்த உருண்டைகள். யார் வந்தாலும் உண்டு, எது கேட்டாலும் உண்டு. அன்று அந்த வீட்டில் இல்லை என்ற சொல் வரக்கூடாது.

படகுக்காரர்கள் நாங்கள் பரிமாறிக்கொண்டிருந்தோம். டெல்பர்ட் மட்டும் விருந்தாளிகளோடு வரிசையில் நின்றான்.

யூனிஸ் இறைச்சி அறுத்துக்கொண்டிருந்த பிறைவடிவக் கத்தியை நிறுத்தினாள். "டேய், நீ படகுக்காரன். தட்டைத் தூக்காம வரிசையில நின்னு என்ன பண்றே?"

"கேட்டு வாங்க வந்திருக்கேன், மதினி."

"கேளு. நாக்கா, குடலா?"

"மேவிஸை."

பக்கத்தில் இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"ஃபோன்ல சரின்னியே?"

"சரின்னு சொல்லல. மூக்கைச் சுளிச்சேன்."

"ஃபோன்லயா?"

பின்னால் யாருக்கோ தேநீர் புரையேறியது. "சகல, மூக்கையாவது ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாமே" என்றார் ஹோமர். வீடே சிரித்தது. யூனிஸ் சிரிக்கவில்லை.

"அன்னிக்கே திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னியா? இல்ல. ரெண்டு மாசமா திமிங்கலத்துக்குப் பின்னாடி ஊர்ந்து ஊர்ந்து வந்தே. நான் இங்க கட்டில் வாங்கிப் போட்டு உக்காந்திருக்கேன். அது வெறும் உன் பொண்ணு இல்ல, எங்கப்பா. நிஜத்தைச் சொல்லு, அவளைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

டெல்பர்ட் திரும்பி மேவிஸைப் பார்த்தான்.

"ஒண்ணும் தோணல. டோர்கஸ் போனதுலேர்ந்து எதைப் பாத்தாலும் ஒண்ணும் தோணல."

"ஒண்ணும் தோணாதவன் எப்படிடா ஒரு புள்ளைய வளர்ப்பே?"

"பசிச்சா சமைப்பேன். குளிருச்சுன்னா கன்னத்துல கையை வைப்பேன். தோணினாத்தான் செய்யணும்னு இருக்கா மதினி?"

கடமையையும் அன்பையும் பிரித்தும் சேர்த்தும் எழுதப்பட்ட புத்தகங்களை எங்கள் நீண்ட இருட்டு மாதங்களில் நிறையப் படித்திருக்கிறேன். டெல்பர்ட்டின் பதில் அவற்றைவிட உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு குழந்தைக்கு அது போதுமா என்பதும் எனக்குத் தெரியாது. 

அவனுக்குப் பின்னால் தட்டோடு நின்றவள் ஓர் ஆசிரியை, அவளுக்குப் பொறுமை போதாது. "யூனிஸ், இன்னிக்கு உங்க வீட்டுல கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்ல முடியாது. கொடுத்து அனுப்பு. எனக்கு நாக்கு வேணும், ஆறிட்டிருக்கு."

"கள்ளன்" என்றாள் யூனிஸ் டெல்பர்ட்டைப் பார்த்து. "நாள் பாத்து வந்திருக்கான் கள்ளன்." கத்தியைப் பலகையில் வைத்தாள், திரும்பவும் எடுத்தாள். "அப்பா, இங்க வாங்க."

மேவிஸ் வந்தாள். வாயைச் சுற்றிலும் எண்ணெய்.

"இவன் உங்களக் கேக்கிறான். கொடுத்துட்டேன்."

"இப்பவேவா? இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்றாள் மேவிஸ்.

"சாப்பிட்டே போங்க." யூனிஸ் மென்மையான பகுதியைத் தேடி அறுத்து, சின்னத் துண்டுகளாக்கி அவள் தட்டில் வைத்தாள். பிறகு ஆசிரியைக்கு நாக்கு கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் கொடுத்தாள். கடைசி ஆள் போகும்வரை அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை, யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த வருஷத்துத் திமிங்கலம் பார்த்துக்கொண்டிருக்கிறதே.

அதற்குள் கரையோரப் பாதை தண்ணீராகிவிட்டிருந்தது. பனிவண்டியை ஹோமரின் கொட்டகையில் விட்டுவிட்டு விமானத்தில் போவதென்று டெல்பர்ட் முடிவு செய்தான். வழியனுப்ப நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். திமிங்கலங்கள் கிழக்கே போய்விட்டதாகவும், கடைசியாகக் குட்டிகளோடு சில தாய்கள் மட்டும் தாண்டிக்கொண்டிருப்பதாகவும் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். மேவிஸ் புது மேலங்கியோடு யூனிஸின் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

பெயர்களைக் கூப்பிட்டார்கள். யூனிஸ் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் எழுந்தாள். தூக்கம் கலையாமல் ஒரு குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவது சுலபமில்லை. இருவரும் நெருங்கி நின்று, இவள் கையை உருவ, அவன் கையை நுழைக்க, கொஞ்ச நேரம் பிடித்தது. யூனிஸின் முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை. டெல்பர்ட்டின் முகத்தைப் பார்த்தேன், அதில் எதுவும் இல்லை. குழந்தையின் தலை தொங்காதபடி பிடியை மாற்றிக்கொண்டு படியேறினான்.