சவரிமுத்துவின் இடக்கை முடிச்சு

பெரிய மார்க்கெட்டில் நான் வாழைநாரை நனைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கருவடிக்குப்பத்திலிருந்து கீரை கொண்டுவரும் செல்வி, தலைக்கூடையை இறக்காமலே நின்றாள்.

"யக்கா, எங்க தெரு நாடகக்காரரு சவரிமுத்து போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாராம்."

நாரைப் பிழிந்தேன். பிழிந்ததையே திரும்பவும் தண்ணீரில் போட்டேன். அந்த மனுஷன் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு வருஷமாக நான் பதில் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவரை மேடையில் நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். வேலை பார்த்த மில் மூடிய பிறகு நடிப்பே பிழைப்பு என்று இறங்கியவர். அம்மன் கோயிலோ மாதா கோயிலோ, கூப்பிட்ட திருவிழாவுக்குப் போவார். மேடைக்கு வெளியே அவர் யார் யாரிடம் போய் உட்கார்ந்தார் என்பதுதான் பலருக்குத் தெரியாது. தையல்காரன் வேஷம் வந்தால் ஒரு மாதம் தையல்கடையில் காஜா எடுப்பார். படகுக்காரன் வேஷம் என்றால் நோணாங்குப்பத்தில் துடுப்புப் போடுவார். "மூஞ்சி என்னா வேணா சொல்லிட்டுப் போவும். கை பொய் சொன்னா கடைசி வரிசைல இருக்கறவன் கண்டுபுடிச்சுடுவான்" என்பார்.

கற்றது எதையும் அவர் கீழே போட்டதில்லை. குழுவுக்கே உடுப்பு தைத்தார். ஆர்மோனியக்காரர் வராத நாளில் அவரே வாசித்தார். ஒருமுறை பழைய வேட்டிகளை ஒட்டுப்போட்டுக் கடல் வரைந்து பின்னால் தொங்கவிட்டிருந்தார். காற்றில் அது அசைந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த நான், அலை வருகிறதென்று காலை இழுத்துக்கொண்டேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது.

அப்படித்தான் ஒருநாள் என் எதிரே வந்து சம்மணம் போட்டார்.

"பூக்காரி வேஷம் வந்திருக்குக்கா. கட்டக் கத்துக் குடு."

"ஆம்பளைக்கு எதுக்குய்யா பூக்காரி வேஷம்?"

"மீசைய எடுத்துட்டா யாருக்குக்கா தெரியும்?"

சிரித்துவிட்டேன். கால் கட்டைவிரலில் நாரை மாட்டுவதிலிருந்து காட்டிக்கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து பார்த்தாரா, என் வலக்கை செய்வதையெல்லாம் அவர் இடக்கை செய்தது. முடிச்சு மறுபக்கம் விழுந்தது.

"யோவ், தலைகீழாக் கட்டுறியே."

"கண்ணாடில நீ தெரியறாப்பல நெனச்சுக்கக்கா."

கடைசிவரை மாற்றவில்லை. ஆனால் ஒரு பூ உதிராது. அவர் கட்டிய சரத்தை என் சரத்தோடு கலந்து விற்றேன், ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லை.

நாடகத்தன்று மார்க்கெட்டே திரண்டு வந்திருந்தது. அவர் என்னைப்போலவே வந்தார். "தொட்டுத் தொட்டுப் பாத்தா பூ வாடிடும், தள்ளி நில்லு மவராசி" என்று என் பேச்சையே பேசினார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது எனக்குப் பெரிசில்லை. அதற்குப் பிறகு செய்தாரே, அதுதான். கடை கட்டும் நேரம். கடைசியாக ஒரு முழம் கட்டினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக் கூடையில் போட்டார்.

என் வீட்டுக்காரர் போனதிலிருந்து சாயங்காலத்தில் நான் செய்வது அது. ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

முடிந்ததும் உதட்டுச் சாயத்தோடு ஓடிவந்தார். "யக்கா, கை சரியா இருந்துச்சா?"

எழுந்து வந்துவிட்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதாவுக்கு ஒரு முழம் வாங்க வருவார். அதே கேள்வியைத்தான் கேட்பார். மன்னிப்புக் கேட்டிருந்தால் என்றைக்கோ பேசியிருப்பேன். அவர் கேட்டது வேலையைப் பற்றி மட்டும். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே அளந்து கொடுப்பேன். மூட்டை தூக்குகிறவர்கள் "இன்னிக்காச்சும் வாய் தொறக்குமா?" என்று பந்தயம் கட்டுவார்கள்.

போன மாதம் கடைசியாக வந்தபோது அவர் கை ஆடியது. "கெழவன் வேஷத்துக்கு இனிமே யாருகிட்டயும் போய்க் கத்துக்க வேணாங்கா" என்றார். சிரிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அன்றைக்குக் கேள்வி கேட்காமலே போனார்.

செல்வி சொல்லிவிட்டுப் போனபின் சம்பங்கியை எடுத்து மடியில் போட்டேன். நாரை இடது பக்கம் மாற்றினேன். எழுபது வயசுக் கை சொன்னபடி கேட்குமா? முதல் நாலு முடிச்சு நழுவியது. பிறகு அது பாட்டுக்கு நடந்தது. மார்க்கெட் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது. கட்டுவது என் விரல் இல்லை என்று தோன்றியது. எதிரே மீசை எடுத்த முகத்தோடு அவர் உட்கார்ந்து கட்ட, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சவரிமுத்து வீட்டில் அவர் மனைவி தெரேசா மாலையை வாங்கினாள். முடிச்சை விரலால் தடவினாள்.

"இது அவரு கட்டுனதாட்டம் இருக்கே, கமலாக்கா."

"அவரு கட்டுதான்" என்றேன். குனிந்து, கிடத்தியிருந்தவர் காதருகே சொன்னேன்: "சரியா இருந்துச்சுய்யா. எல்லாமே சரியா இருந்துச்சு. அதான் கோவம்."

என் ரகசியத்தைச் சந்தியில் வைத்ததை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கோவத்தைக் கடைசிவரை கொண்டுதான் போவேன். ஆனால் அவர் கை என்னிடம் தங்கிவிட்டது. சாயங்காலம் கடைசி முழத்தை இப்போது இடக்கையால்தான் கட்டுகிறேன். கட்டி, காதோரம் வைத்துப் பார்க்கிறேன். முன்புபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்ப்பதில்லை.