கண்ணை மூடினால் எந்த விரல்

பக்கவாதம் வந்து பதினான்கு மாதங்களில் என் வலது கை ஓரளவு அசையத் தொடங்கிவிட்டது. ஆனால் எதைத் தொடுகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. சட்டைப் பைக்குள் விட்டால் சாவியா சில்லறையா என்று சொல்லாது. சுடச்சுடக் காபி டம்ளரைப் பிடித்தபடி பேப்பர் படித்து மூன்று கொப்புளங்கள் வாங்கிக்கொண்டேன். ரசம் சாதம் பிசையும்போது விரலில் சாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எழுபத்து நான்கு வயதில் இடது கையில் ஸ்பூன். கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

அடையாற்றில் ஒரு மருத்துவமனையில், தலைமேல் காந்தச் சுருள் வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை. முதலில் பத்து சிட்டிங். முன்னேற்றம் இருந்தால் இன்னும் பத்து, இல்லையென்றால் வீண் அலைச்சல் வேண்டாம் என்றார் டாக்டர். சுருள் டக் டக் என்று தட்டும். ஒரு சிட்டிங்கில் ஆயிரத்து இருநூறு தட்டு; ஒவ்வொன்றையும் மனதுக்குள் எண்ணுவேன். ஒருநாள் தும்மலில் எண்ணிக்கை தவறியது. அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

சிட்டிங் முடிந்ததும் பயிற்சி தரும் பெண் என் கண்ணை மூடச் சொல்லி, ஓர் அட்டையைப் பார்த்து ஒவ்வொரு விரலாகப் பஞ்சால் தொடுவாள். "எந்த வெரல் சார்?" என்பாள். தவறாகச் சொன்னால், "இல்ல சார், சுண்டு வெரல்" என்று திருத்துவாள். பத்து முறை. முதல் நாள் ஒன்று சரி. பத்தாம் நாள் ஒன்பது சரி. அவள் கை தட்டினாள். மிச்சப் பத்துக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மயிலாப்பூர் வீட்டுக்கு வந்ததும், தானும் பார்க்க வேண்டும் என்றாள் மனைவி. விளக்குத் திரி ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கண்ணை மூடினேன்.

"மோதிர விரல்" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லையேண்ணா."

அடுத்து கட்டை விரல், அதற்கடுத்து நடு விரல் என்று என் வாயில் தயாராக இருந்தது. அட்டையின் வரிசை. தினமும் அதே அட்டை. மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எண்ணுகிற புத்தி, தானாகச் செய்துவிட்டது. அவள் தன் இஷ்டத்துக்குத் தொட்டபோது பத்தில் இரண்டுதான் சரி. ஐந்து விரல்களில் ஏதோ ஒன்றைச் சும்மா உளறினாலே பத்துக்கு இரண்டு சரியாக வரும்.

"அங்கே போய் சொல்லிண்டிருக்காதீங்கோ. பாக்கிப் பத்தையும் வெச்சுண்டு வாங்கோ."

"இருபதாம் நாள் பத்துக்குப் பத்து வாங்குவேன். கை இப்படியே இருக்கும்."

"டாக்டர் சிகிச்சையை நிறுத்திட்டார்னா?"

எனக்கும் அந்தப் பயம்தான்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போகும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "கை எப்டி கீது சாரு?"

"தெரியலைப்பா."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"பத்துக்கு ஒம்பது."

"அப்பறம் இன்னா சாரு, பாஸு தான? மூஞ்சிய ஏன் இப்டி வச்சிக்கினு வர்ற?"

அட்டை வரிசை மனப்பாடமாகிவிட்டதைப் பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னேன். அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "நாலு வருஷமா இதே அட்டை சார். யாருமே இப்டிப் பண்ணதில்ல" என்றாள். அட்டையைத் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டு புதிதாக ஒரு வரிசை எழுதினாள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும் என்றாள்.

கண்ணை மூடிக் காத்திருந்தேன். ஏழு முறை தெரியவில்லை என்றேன். மூன்று முறை, கோணிப்பைக்கு வெளியிலிருந்து யாரோ தொடுவதைப் போல, கட்டை விரலில் ஏதோ மங்கலாக வந்தது.

"மூணு தடவ கட்டை வெரல்னு சொன்னீங்க சார். மூணும் சரி."

என் பதில்களைக் குறித்து, அந்த அட்டையை டாக்டரிடம் கொண்டுபோனாள். பத்து வேண்டாம், இன்னும் ஐந்து பார்க்கலாம் என்றார் அவர். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு. கிளம்பும்போது, தினம் ஒரு புது வரிசை எழுத முடியுமா என்று அவளைக் கேட்டேன். இருக்கிற வேலை போதாதா சார் என்றாள். பிறகு எழுதுவதாகச் சொன்னாள்.