மூக்கம்மாவுக்குக் கால் முறியும் நாட்கள்

எங்கள் மலையூர் கவுஞ்சியில் மூக்கம்மாவுக்கு வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது கால் முறியும். வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிற நாளாகப் பார்த்து முறியும்.

சுனாமிக்கு மறுவருஷம் அது. கடலையே கண்டிராத எங்கள் மலைக்கும் அதன் பேரில் பணம் ஏறி வந்தது. சந்தோஷ்குமார் என்பவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் பலகையை ஊருக்குள் மாட்டினார். மண் சரிந்தால் எப்படித் தப்புவது என்று ஒத்திகை நடத்துவார். கேரட் வயலில் களை எடுக்கும் மூக்கம்மாவைக் கூப்பிட்டு, காலில் சிவப்பு மையைத் தடவிப் படுக்கவைப்பார். அவள் அலறுவாள். நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கேமரா மின்னும். கூலி ஒரு பிரியாணிப் பொட்டலம்.

கொடைக்கானல் லாட்ஜ்காரர்கள் தீயணைக்கும் சிலிண்டரை மாட்டுவது அதிகாரிக்குப் பயந்து. இந்த நிறுவனத்துக்காரர்களுக்கு அந்தப் பயமும் கிடையாது. வெளிநாட்டுக்குப் படம் அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும், அவ்வளவுதான். நெருப்புக்கும் மண்ணுக்கும் பயந்தவன் ஒருத்தனும் இல்லை. த்தூ!

ஐப்பசி மழையில் வயலின் கல்கட்டு சரிந்து, மூக்கம்மாவின் புருஷன் காசிநாதன் இடுப்பில் விழுந்தது. அவள் நிறுவனத்தின் அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், பிளாஸ்டிக் உறையோடு ஸ்ட்ரெச்சர் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கொடைக்கானலில் இருந்த சந்தோஷ்குமாரை போனில் பிடித்தோம்.

"பூட்ட ஒடச்சிராதீங்க. அடுத்த வாரம் விசிட்டர்ஸ் வர்றாங்க. நான் வெரசா வந்துர்றேன்."

மூக்கம்மா பூட்டை உடைக்கக் கல்லைத் தூக்கினாள். படித்தவர் சொல்கிறாரே என்று எங்கள் அசட்டு ஜனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் வரவேயில்லை. கடைசியில் காசிநாதனைக் கம்பளியில் மடித்துத் தூக்கி, காய்கறி லாரியில் போட்டுக் கொண்டுபோனோம்.

"இடுப்ப அசைக்காமப் பலகையில கொண்டு வந்திருந்தா நடந்திருப்பாரு" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் வரவேண்டிய விருந்தாளிகள் தை மாதம்தான் வந்தார்கள். சந்தோஷ்குமார் மூக்கம்மாவின் வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் தடவ நீங்க நடிக்க வேணாங்க்கா. அண்ணன் ஸ்ட்ரெச்சர்ல சும்மா படுத்தாப் போதும்."

மூக்கம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "அன்னைக்குக் கதறுனப்பப் பூட்டி வச்சுக்கிட்டு, இன்னைக்குப் படம் புடிக்க வந்தியாக்கும்?"

உள்ளேயிருந்து காசிநாதன் குரல் கொடுத்தான். "விடு புள்ள. வயக்காடு வரைக்கும் தூக்கிட்டுப் போகச் சொல்லு. வெளிய பாத்து மாசக்கணக்காச்சு."

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

தூக்கிப் போனார்கள். வயக்காடு வரைக்கும் அல்ல, கேமரா நின்ற முச்சந்தி வரைக்கும். படம் எடுத்ததும் அவனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, உறை மாட்டி எடுத்துப் போனார்கள்.