மேல் லயத்தவளும் கீழ் லயத்தவளும்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பகல் சாப்பாடு சமைப்பது நான்தான். அதற்கு முன்னால் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். ஆகவே இங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் நான் தொட்டில் ஆட்டியிருக்கிறேன். பிள்ளைகளோடு மணிக்கணக்காகப் பேசுவேன். பெரியவர்கள் யாராவது வந்தால் பேச்சு வராது. வாத்தியார் சேர் குசினிப் பக்கம் வந்தால் போதும், குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கிவிடுவேன். காஸ் அடுப்பு வந்த பிறகும் ஊதினேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது பொய். ஒரு தடவைதான் ஊதினேன்.

போன தவணை தொடக்கத்தில் பள்ளிக்கூடக் கணக்குகளை எல்லாம் கணினியில் ஒன்றாக இணைத்தார்கள். சேர்க்கைப் புத்தகம், அன்றாட வரவு, பரீட்சைப் புள்ளி, பிள்ளைகள் டெப் என்ற கைக்கணினியில் படிக்கிற பாடம் எல்லாம் அதுவரை தனித்தனியாக இருந்தன. இனி ஒரு பிள்ளையின் பெயரைத் தொட்டால் அத்தனையும் வந்துவிடும் என்றார் சேர்.

"பிள்ளைக்கு எது வரும், எது வராதுன்னு அதுவே பாத்து, தக்க மாதிரி பாடம் குடுக்கும் ஆயாம்மா."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிள்ளைக்காம்பராவில் பல் முளைத்த பிள்ளைக்குப் பிஸ்கட்டும் முளைக்காததற்குப் பாலும் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. இதற்கு இவ்வளவு வயர் தேவையா என்று கேட்க நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அந்த வாரம் முதல் சாப்பாட்டுக் கணக்கும் அதிலிருந்தே வந்தது. நாற்பத்தொரு பேர் என்று தாளில் இருக்கும். நாற்பத்தொரு தட்டு எடுத்து வைப்பேன். கடைசியில் ஒரு பிள்ளை கையை வீசிக்கொண்டு நிற்கும். முதல் நாள் என் எண்ணிக்கை பிழை என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கணக்கு இப்படித்தான் இருக்கும். மூன்று நாள் என் பங்கைக் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணி குடித்தேன். நான்காம் நாள் பசி தாங்காமல், நான்காம் வகுப்பில் படிக்கிற மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் பிள்ளையை சேரிடம் அனுப்பினேன். கெட்டிக்காரி, வாய்க்காரி. அவள் போய்ச் சொன்ன விதம் இது:

"சேர், ஆயாவுக்கு எண்ணத் தெரியல. வந்து சொல்லிக் குடுப்பீங்களாம்."

சேர் வந்து எண்ணினார். தாளில் ஒரு பெயர் குறைந்தது. அது அந்த வாய்க்காரியின் பெயர்தான். அதே வகுப்பில் கீழ் லயத்துப் பிள்ளை ஒருத்திக்கும் அதே பெயர். இருவருக்குமாகச் சேர்த்து ஒரு பெயர்தான் கணினியில் இருந்தது.

இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்து, ஒரே தோட்ட லொறியில் வீடு வந்த பிள்ளைகள். ஒரே நட்சத்திரம் என்பதால் பூசாரி ஒரே எழுத்தைச் சொன்னார். இரண்டு தாய்மாருக்கும் ஒரே பெயர் பிடித்துப்போனது. "நான்தான் மொதல்ல நெனச்சேன்" என்று இவளும், "நான் வயித்துல இருக்கப்பவே வச்சிட்டேன்" என்று அவளும் நின்றார்கள். தீர்த்துவைக்கப் போன என் வீட்டுக்காரர் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அப்பாமாருக்கும் ஒரே பெயர், தோட்டத்தில் பாதி ஆண்களுக்கு அந்தப் பெயர்தான். லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் கிடையாது, எல்லோருக்கும் தோட்டத்து விலாசம்தான். பெயரும் பிறந்த நாளும் விலாசமும் ஒத்துப்போனதும், இவள் ஒருத்திதான் என்று கணினி முடிவு செய்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

சாப்பாட்டை நான் பெரிய அகப்பையால் சரிசெய்துகொண்டேன். பாடத்தைத்தான் சரிசெய்ய முடியவில்லை. மேல் லயத்தவள் காலையில் டெப்பை எடுத்துக் கணக்குகளை மளமளவென்று செய்து மேலே ஏறிவிடுவாள். இடைவேளைக்குப் பிறகு கீழ் லயத்தவள் அதே பெயரைத் தொட்டால் ஏறிய இடத்திலிருந்து பாடம் தொடங்கும். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கவே வராது. என்னைப் போலவே வாயும் திறக்காது. திரையில் எதையாவது அமத்துவாள், எல்லாம் பிழையாகும், பாடம் கீழே இறங்கும். மறுநாள் காலை வாய்க்காரி வந்து பார்த்தால் அங்கே வாத்து எண்ணச் சொல்லும்.

"சேர், எனக்கு மறுபடி வாத்து வந்திருக்கு. நேத்தும் இதே வாத்துதான்."

சேர் கீழ் லயத்தவளைத் தனியாகப் பதியப் பார்த்தார். இந்தப் பிள்ளை ஏற்கெனவே இருக்கிறது என்றது கணினி. இரண்டு பிறப்புச் சான்றிதழையும் படம் பிடித்து அனுப்பினார். ஒன்றையே இரண்டு தடவை அனுப்பியிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது.

அதற்குள் இன்னொரு விஷயம் வந்தது. வாசிக்கப் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பின்னேர வகுப்பு நடத்த ஓர் ஆசிரியை வரப்போகிறார். யார் யார் என்ற பட்டியலைக் கணினியே எடுக்கும். இவளுடைய முட்டையும் அவளுடைய நூறும் கலந்து நடுத்தரமாக நின்றதால், உதவி தேவையில்லை என்று வந்தது. ஐம்பதாவது தடவையாக டெப்பை வைத்துவிட்டு என் குசினிப் படியில் வந்து உட்கார்ந்திருந்த கீழ் லயத்தவளுக்கு அது தெரியாது. இந்தப் பட்டியலில் விடுபட்டால் அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு. அங்கே எழுத்துக் கூட்டக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. எனக்கும் அப்படித்தான் ஆனது.

சேர் விடாமல் எழுதியதில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பார்த்தால் நல்ல மனுசர்தான். ஆனால் சாப்பாட்டுக்காக ஒரு பிள்ளையைக் கூட்டிக் காட்டுகிறோமோ என்ற யோசனை அவர் முகத்தில் இருந்தது. எங்கள் கெட்ட நேரம், வாய்க்காரி அன்றைக்கு நோட்டன் பிரிட்ஜுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

"ரெண்டு பேருன்னீங்க. ஒருத்திதானே நிக்கிறா?" என்றார் அதிகாரி.

"மத்தவ கல்யாணத்துக்குப் போயிருக்கா ஐயா," என்றார் சேர்.

"ம். கல்யாணம்."

டெப்பில் நேற்றுக் காலை செய்த பாடத்தைத் திறந்து கீழ் லயத்தவளிடம் கொடுத்தார். பின்னக் கணக்கு. பிள்ளை அதைப் பார்த்தபடி நின்றாள். காதுமடல் சிவந்துவிட்டது.

"நேத்துக் காலையில இதுலதான் எல்லாம் சரி போட்டிருக்கே. இன்னைக்கு என்னா?"

நான் வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். அந்தப் பிள்ளை நின்ற நிலையை எனக்கு நன்றாகத் தெரியும். கரும்பலகைக்கு முன்னால் நானும் அப்படி நின்றிருக்கிறேன். தட்டு கடகடவென்று ஆடியது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். இனி ஊத அடுப்பும் இல்லை.

"நேத்து எடவேளைக்குப் பொறகு என்னா போட்டிருக்குன்னு பாருங்க ஐயா," என்றேன்.

பார்த்தார். எல்லாம் பிழை. முந்தின நாளும் அப்படி. அதற்கு முந்தின நாளும்.

"காலையில கெட்டிக்காரி, எடவேளைக்குப் பொறகு மறந்துடுறாளா?" என்று சிரித்தார். "ஆயாம்மா, நீங்க இடையில என்னாத்தக் குடுக்கிறீங்க?"

"பருப்பும் சோறும்தாங்க. பருப்புல அப்பிடி ஒண்ணும் இல்லீங்க."

சேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வியர்த்தது. ஆனாலும் வாய் திறந்தபின் மூட முடியவில்லை.

"எங்க லயத்துல அப்பா பேரு கேட்டா யாருக்கும் தெரியாதுங்க. இன்னாருடைய பிள்ளைன்னு அம்மா பேரச் சொன்னாத்தான் தெரியும். காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுல நிக்கிறது, கொழுந்து நிறுக்கிறது, பிள்ளையக் கொண்டாந்து விடுறது எல்லாம் அவங்கதானே. உங்க பதிவுல அம்மாவ யாரும் கேக்கல. அந்தச் சட்டிபிகேட்டுல அம்மா பேரப் பாருங்க ஐயா."

அதிகாரி இரண்டு சான்றிதழையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பெயர் ஒன்று, நாள் ஒன்று, அப்பா பெயரும் ஒன்று. கீழே அம்மா பெயரில் விரல் நின்றது. பிறகு போனை எடுத்து வலயத்துக்குச் சிங்களத்தில் பேசினார். நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு வேகமாகக் குசினிக்குப் போய்விட்டேன். தேத்தண்ணி எல்லாம் கோப்பையில் இல்லை, தட்டில்தான் இருந்ததாம்.

வலயத்திலிருந்து கிடைத்த புதிய பதிவு இலக்கத்தை இருவரில் யாருக்குக் கொடுப்பது என்று சேர் கேட்டதற்கு அதிகாரி, "சின்னப் பாடத்துல தொடங்க வேண்டியவளுக்கு," என்றாராம். அப்படிக் கீழ் லயத்தவள் வெறும் பக்கத்தோடு, ஒரு பிழையும் இல்லாமல் தொடங்கினாள். கல்யாணத்திலிருந்து திரும்பி வந்த வாய்க்காரிக்குத்தான் கோபம்.

"அவ போட்ட பிழையெல்லாம் எனக்கு விட்டுட்டுப் போயிருக்கா ஆயா. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"ஒரு வாரம் வாத்து எண்ணு. வாய்க்காவது ஓய்வு கெடைக்கும்."

அடுத்த திங்கட்கிழமை பின்னேர வகுப்புப் பட்டியலைக் கதவில் ஒட்டினார்கள். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் இப்போது அம்மா பெயரும் இருந்தது. கீழ் லயத்தவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே கதவுக்குப் போனாள். தன் பெயரைக் கண்டுபிடித்தாள், அது மட்டும் அவளுக்குப் பார்த்த பழக்கம். அது தன்னுடையதுதானா என்று அறியப் பக்கத்தில் இருக்கிற அம்மா பெயரையும் வாசிக்க வேண்டுமே. விரலை வைத்து ஓரெழுத்தைச் சொன்னாள், நிறுத்தினாள், அடுத்ததைச் சொன்னாள். நான் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வாய்க்காரி ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஒரு பேரு வாசிக்க இம்புட்டு நேரமா?"

கீழ் லயத்தவள் கடைசி எழுத்துவரை போய் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"எங்கம்மா பேரு நீளம்டி," என்றாள்.