பூச்சுக்கு முன்னால் வயர்

அவரை எல்லாரும் மட்டக்கோல் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் பூசுகிற கொத்தனார். அவர் பூசிய சுவரில் மட்டக்கோலை வைத்தால் இடையில் தலைமுடி நுழையாது. அதனால் வந்த பெயர். "பேருதான் மட்டம், வேலை உசத்தி" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். சுவரைக் கொத்தி, வயர் போகிற பைப் பதித்து, சுவிட்ச் பெட்டி வைத்த பிறகுதான் கரண்டியைத் தொடுவார். பூச்சை முதலில் முடிக்கச் சொன்ன ஒரு வீட்டுக்காரரிடம், "சட்டையப் போட்டுக்கிட்டா சார் குளிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்.

அவருடைய சொந்த வீடோ பூசாத செங்கல். மனைவி அவருக்கே சித்தாளாக இருபத்திரண்டு வருஷம் மணல் சலித்தவள், கலவை சுமந்தவள். இருமல் ஆரம்பித்தபோது சளி என்று விட்டுவிட்டார்கள். மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, சலித்த தூசியெல்லாம் நுரையீரலில் படிந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் ஓட வேண்டும், அதற்குத் தனி லைன் வேண்டும், அறையில் தூசி உதிரக் கூடாது. அதற்கப்புறம்தான் அனுப்புவார்களாம்.

சிமெண்ட் மூட்டைத் தாளைக் கிழித்து வரிசையாக எழுதினார். கொத்துவது, பைப், பூச்சு, ஏழு நாள் தண்ணீர் விடுவது, வயர், சுவிட்ச், வெள்ளை. பதினெட்டு நாள் கணக்கு.

எலக்ட்ரீஷியன் வெளி ஆளில்லை, மனைவியின் தம்பி. நல்ல வேலைக்காரன், வாக்குதான் தண்ணீரில் எழுதியது. "நாளைக்குக் காலைல வந்து நிக்கிறேன் மாமா" என்று பத்து நாள் சொன்னான். இதற்குள் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை படுக்கையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பதினோராம் நாள் மட்டக்கோல் கலவையைக் குழைத்தார். ஆயுசில் முதல் தடவையாக வயர் பைப்புக்கு முன்னால் பூச்சு. நாலு சுவரையும் ஒற்றை ஆளாகப் பூசினார்.

பூசிய மூன்றாம் நாள் மச்சினன் வெட்டு மிஷினோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன மாமா, நீங்களா இப்படிப் பண்ணீங்க?"

"வெட்டு மாப்ள. பேசாம வெட்டு."

வெட்டினான். அறை முழுக்கப் புகைபோலத் தூசி. காயாத பச்சைப் பூச்சு வெட்டிய காடியோரம் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஒட்டுப்போட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, வயர் இழுத்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மூன்று தடவை ஈரத்துணியால் தரையைத் துடைத்தபிறகு அவளை ஆட்டோவில் கூட்டிவந்தார்.

உள்ளே வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள். "அடுத்தவங்க வீடு மாதிரி இருக்குங்க" என்றாள். மிஷினும் ஓடியது. ஆனால் ஈரச் சுவரின் வாடையும் சிமெண்ட் நெடியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் இருமல் பிடித்து, உதடு கறுத்துவிட்டது. அன்று சாயங்காலமே இரண்டு தெரு தள்ளியிருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

அங்கே மச்சினன் சுவரைக் கொத்தவே இல்லை. பழைய பூச்சின் மேலேயே பிளாஸ்டிக் பட்டையை ஆணியடித்து, அதற்குள் வயரை விட்டு அரை நாளில் பிளக் வைத்துவிட்டான்.

அவள் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்டுலயும் இப்படியே பண்ணியிருக்கலாம்ல? பூசின கையோட மேலயே ஓட்டியிருக்கலாம். வெட்டாம இருந்திருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும்."

"பாக்க அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன்."

"நான் சுவத்தப் பாத்துக்கிட்டாங்க படுத்திருக்கப் போறேன்?"

அதற்கப்புறம் அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

சுவர் நன்றாகக் காயட்டும், வீட்டுக்குப் போவதை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் சுவர் காய்ந்தது. அவளால் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் போனது.

மட்டக்கோலுக்கு வேறு வேலை தெரியாது, கைகால் இருக்கும்வரை பூசித்தான் ஆக வேண்டும். வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போவார். "அப்படியே நில்லுங்க, குளிச்சிட்டு உள்ள போங்க" என்பாள் அக்கா. குழாயடியில் குளித்து, மாற்றுச்சட்டை போட்டுக்கொண்டாலும் தலைமயிரிலும் நகக்கண்ணிலும் சிமெண்ட் இருக்கத்தான் செய்யும். அதனால் அறைக்குள் போகாமல் நிலைப்படிக்கு இந்தப் பக்கமே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்தே, "இன்னிக்கு ஒரு மாடிப்படிச் சுவரு" என்று ஆரம்பிப்பார். மிஷின் சத்தத்தில் பாதி அவள் காதில் விழாது. சில நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்பாள். தூங்கிவிட்டாளா என்று கிட்டே போய்ப் பார்க்க அவரால் முடியாது.